அரசவை முதுகு காட்டிய நாள்

முன்னொரு காலத்தில் வேங்கை நாட்டைக் கடம்பராயன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபம் வந்தால் முதலில் ஆளை மிதிக்க யானையைக் கூப்பிடுவான், விசாரணையெல்லாம் பிறகுதான். அவன் தும்மினால்கூட மந்திரிமார் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

அவனுக்கு ஒரே மகள், அல்லிக்கோதை. நாலு வயது. தாயில்லாத அந்தப் பிள்ளையை வளர்த்தவள் செவிலி சடைச்சி. பொழுது விடிந்தால் இருவரும் குளத்து மீன்களை எண்ணுவார்கள். ஈர மண்ணில் விரலால் கோழி வரைவார்கள், பாம்பு வரைவார்கள், பாம்பு வளைந்து அகரமாகிவிடும். பிள்ளை ஓயாமல் கேள்வி கேட்கும். சடைச்சியும் சளைக்காமல் பதில் சொல்வாள்.

அரசவைப் புலவர் சர்வோத்தமருக்கு இது பொறுக்கவில்லை. "அரசே! ஊரார் பிள்ளைகள் விஜயதசமியன்று நெல்லில் முதலெழுத்து எழுதட்டும். தங்கள் மகள் அன்றைக்கு முழு வெண்பாவே எழுத வேண்டாமா? ஆறு மாதம் என்னிடம் விடுங்கள்" என்றார். ராஜா உச்சி குளிர்ந்து போனான். அன்றே பிள்ளை புலவர் கைக்குப் போயிற்று. சடைச்சியை மாட்டுக்கொட்டிலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

விஜயதசமியும் வந்தது. அண்டை நாட்டு ராஜாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தாம்பாளத்தில் நெல் பரப்பி, பிள்ளையை முன்னால் உட்கார வைத்தார்கள்.

"எழுது கண்ணு" என்றான் ராஜா.

விரல் அசையவில்லை.

"வாயாலாவது சொல்லு!"

வாயும் திறக்கவில்லை. பிள்ளையின் கண் புலவரின் கையை விட்டு நகரவே இல்லை. அது பேச்சை நிறுத்திப் பல மாதமாகிறது என்பது அன்றுதான் ராஜாவுக்குத் தெரிந்தது. எந்தத் தோப்பில் எத்தனை பலா காய்த்தது என்று விரல்நுனியில் வைத்திருப்பவன்தான், சொந்தப் பிள்ளை விஷயத்தில் இப்படி!

விருந்தாளி ராஜா ஒருவன் மீசைக்குள் சிரித்தான். கடம்பராயன் முகம் சிவந்துவிட்டது. "யார் செய்த வேலை இது?"

புலவர் சட்டென்று சொன்னார்: "அந்தச் செவிலிதான் அரசே! தலைக்குள் கோழியையும் பாம்பையும் அடைத்துவிட்டாள். பிறகு எழுத்து எங்கே ஏறும்?"

"அவளை இழுத்து வா! யானையையும் கொண்டு வா!"

முற்றத்தில் சங்கிலி உரசும் சத்தம் கேட்டது. சடைச்சியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் அஞ்சாமல் நின்றாள் என்று பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தன் உயிரைவிட அதன் உயிர் பெரிதாகத் தோன்றிவிட்டது.

"மகாராஜா, சாகறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. பாப்பாவுக்கு நானும் பாடம் சொன்னேன், புலவரும் சொன்னார். ரெண்டையும் சோதிச்சுப் பார்த்துட்டு யானையை விடுங்க."

"சரி, முதலில் புலவர் பாடம். என்ன கேட்க வேண்டும்?"

"ஒண்ணும் கேக்க வேண்டாம் சாமி. ஆசீர்வாதம் பண்ற மாதிரி கையைத் தூக்குங்க, போதும்."

ராஜா வலக்கையைத் தூக்கினான்.

பிள்ளை மெல்ல எழுந்து நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டது. தன் சின்னக் கையை விரித்து அப்பனுக்கு முன்னால் நீட்டியது. உள்ளங்கை முழுக்கப் பிரம்புத் தழும்பு.

ராஜாவுக்குத் தூக்கிய கையை இறக்கவும் தெரியவில்லை.

"இதுதான் புலவர் பாடம், மகாராஜா. பாப்பா ஒரு பிசகில்லாம ஒப்பிச்சிடுச்சு" என்றாள் சடைச்சி.

"அடியாத மாடு படியாது என்று..." இழுத்தார் புலவர்.

ராஜா புலவர் பக்கம் திரும்பினான். "பதினாறு வருஷமாகத் தினமும் என் முன் பாடுகிறீரே, அந்த வாழ்த்துப் பாட்டை இப்போது சொல்லும். ஒரு சொல் தவறினாலும் யானை உமக்குத்தான்!"

யானை பிளிறியது. புலவர் வாயைத் திறந்தார். "வா... வா..." அதற்குமேல் வரவில்லை. வேர்த்துக் கொட்டியது. பதினாறு வருஷப் பாட்டு போன இடம் தெரியவில்லை.

சடைச்சி குறுக்கே வந்து நின்றாள். "விட்டுடுங்க சாமி. நரைச்ச தலைக்கே பயத்துல படிச்சது மறந்துபோச்சு. நாலு வயசுக்குப் பிரம்புதான் யானை. இவரைக் கொன்னா பாப்பா அதையும் படிச்சுக்கும்."

"உன் பாடம்?"

"என் பாடம் பார்க்கணும்னா யாரும் பார்க்கக் கூடாது. எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்பணும்."

வந்தது சங்கடம்! அரசனுக்கு முதுகு காட்டினால் தலை போகும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஒருவரும் அசையவில்லை. கடைசியில் கடம்பராயனே சிம்மாசனத்திலிருந்து இறங்கிச் சுவரைப் பார்த்து நின்றான். அதன்பிறகுதான் சபை முழுவதும் திரும்பியது.

வெகுநேரம் ஒன்றுமில்லை. பிள்ளை இனி பேசவே பேசாதோ? யானை மிதித்தால்கூட ஒரு நொடியில் முடிந்துவிடும், இது அப்படியா?

பிறகு நெல் மெல்லச் சரசரத்தது.

பொறுக்க மாட்டாமல் ராஜா தலையைத் திருப்பப் போனான்.

"அப்பா, திரும்பாதீங்க. இன்னும் முடியலை."

ராஜாவின் கண் நிறைந்துவிட்டது. சுவரைப் பார்த்தபடியே காவலனிடம் கிசுகிசுத்தான்: "யானையைக் கொட்டிலுக்குக் கூட்டிப் போ. சங்கிலியைக் கையில் தூக்கிக்கொண்டு போ, சத்தம் வரக் கூடாது. சடைச்சிதான் இனி அரண்மனைக் குழந்தைகளுக்கெல்லாம் ஆசான். புலவர் அந்தக் குழந்தைகளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆறு மாதம் படிக்கட்டும்."

"உத்தரவு, மகாராஜா. தாங்கள் எப்போது திரும்புவீர்கள்?"

"என்னை ஏன் கேட்கிறாய்? அவளைக் கேள்" என்றான் ராஜா.

வெயில் சாயும்வரை அவளிடமிருந்து உத்தரவு வரவில்லை. அதுவரை வேங்கை நாட்டு ராஜா, பக்கத்தில் நாலு நாட்டு ராஜாக்களோடு, சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.