கரைக்கு நடு தேடிய நண்டு

அந்தக் காலத்தில், பறவையும் நண்டும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், கடற்கரைக்கு முனை கிடையாது. வடக்கே எவ்வளவு போனாலும் மணல், தெற்கே எவ்வளவு போனாலும் மணல். அந்தக் கரைக்காகச் செம்பருந்துகளும் கடற்காகங்களும் அடித்துக்கொண்டன. ஒன்றின் குஞ்சை மற்றொன்று கொன்றது. கடைசியில், கரையைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ள இரண்டு கூட்டத்துத் தலைமைப் பறவைகளும் சம்மதித்தன. ஆனால் நடுவைக் கண்டுபிடிக்கும் வேலையில் ஒன்றையொன்று நம்பவில்லை. அதனால் அலவி என்ற நண்டைப் பிடித்தன. அப்போதெல்லாம் நண்டுகள் நேராகத்தான் நடக்கும். அலவி ஓட்டத்தில் கெட்டிக்காரி.

"கரையோட நடுவைப் பார்த்துட்டு வா," என்றது பருந்து. அதன் நகத்துக்கு அடியில் அலவியின் கணவன் சிப்பன் கிடந்தான். "நீ வர்ற வரைக்கும் இவன் இங்கேயே இருக்கட்டும்."

அலவி வடக்கே ஓடினாள். ஒரு முனையைத் தொட்டுவிட்டு மறுமுனைவரை அளந்தால் அதில் பாதிதானே நடு? ஆனால் முனை வரவேயில்லை. திரும்பி ஓடிவந்து, சிப்பன் கிடந்த பக்கம் பார்க்கத் தைரியமில்லாமல் அவனைக் கடந்து, தெற்கே ஓடினாள். அங்கேயும் முனை இல்லை. மூச்சிரைக்க நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். சற்றுத் தள்ளி நின்று மறுபடி பார்த்தாள். எங்கே நின்றாலும் இந்தப் பக்கமும் முடியவில்லை, அந்தப் பக்கமும் முடியவில்லை. விஷயம் புரிந்ததும் அவள் பருந்திடம் திரும்பி வந்தாள்.

"நடு எங்கே?" என்றது பருந்து.

"நீங்க நிக்கிற இடத்தை நடுன்னு சொல்லலாம்."

கூப்பிடு தூரத்தில் நின்ற கடற்காகம் சிறகை விரித்தது. "அப்போ நான் நிக்கிற இடம்?"

"அதையும் சொல்லலாம். முனை இருக்கிற கயிறுன்னா மடிச்சு நடுவைக் காட்டலாம். முனையே இல்லாததை எங்கே பிடிச்சு மடிக்கிறது?"

பருந்து நகத்தை அழுத்தியது. சிப்பனின் ஓடு விரிசல் விடும் சத்தம் கேட்டது.

"பொய்யானாலும் ஒரு இடத்தைக் காட்டு."

"எனக்குக் குறைஞ்சா உன்னைக் கொத்திக் கிழிச்சிடுவேன்," என்றது கடற்காகம்.

எந்த இடத்தைக் காட்டினாலும் ரத்தம்தான் என்று அலவிக்குத் தெரிந்தது. அவள் பருந்தின் காலடியில் ஒரு வளை தோண்டினாள். பருந்து திருப்தியாகத் தலையாட்டியது. அடுத்த நொடி அலவி பாய்ந்து போய்க் கடற்காகத்தின் காலடியிலும் ஒன்று தோண்டினாள்.

"இதுவும் நடுதான்."

அதைத் தூர்த்துவிடும் வெறியில் பருந்து எழும்பிப் பாய்ந்தது. நகம் விலகியது.

"சிப்பா, உள்ளே போ!"

ஓடு விரிசல் விட்ட சிப்பன் உடம்பை இழுத்துக்கொண்டு முதல் வளைக்குள் விழுந்தான். அலவிக்கு முன்னால் பருந்து, பின்னால் கடற்காகம். எதற்கு முதுகைக் காட்டினாலும் சாவு. ஒரு கண்ணை அதன் மேலும் மறு கண்ணை இதன் மேலும் வைத்தபடி அவள் பக்கவாட்டில் கால்களை எடுத்துப் போட்டாள். கடல் பக்கமாகச் சுற்றி ஓடி, சிப்பன் இருந்த வளைக்குள் புகுந்தாள். பருந்தின் அலகு மணலைத்தான் கொத்தியது. இருட்டுக்குள் சிப்பனின் கொடுக்கு அவளைத் தேடிப் பிடித்துக்கொண்டது. மேலே இரண்டு பறவைகளும் கட்டிப்புரளும் சத்தம் வெகுநேரம் ஓயவில்லை.

கரை பிரிபடவேயில்லை. அன்று முதல்தான் நண்டுகள் பக்கவாட்டில் ஓடுகின்றன; யாரிடமும் எல்லை கேட்காமல், நின்ற இடத்தில் வளை தோண்டிக்கொள்கின்றன.