சர்க்கஸை விட்டு மலைக்குப் போன ரெண்டு பேரு

ஒரு ஊர்ல ஒரு சர்க்கஸ் கூடாரம். அதுல ஒரு யானை, பேரு செண்பகம். முதலாளி விசில் ஊதினா குட்டி ஸ்டூல் மேல உக்காரணும். அப்புறம் ஒரு கரடி, பேரு உப்பிலி. அவன் சைக்கிள் ஓட்டணும், கிரிங் கிரிங்! ம் கொட்டுடா தங்கம், அப்பதான் கதை நகரும்.

ஆட்டம் முடிஞ்சா யானைக்குச் சங்கிலி, கரடிக்குக் கூண்டு. தூரத்துல நீலமா ஒரு மலை தெரியும். ரெண்டும் அதையே பாத்துக்கிட்டு நிக்கும்.

ஒரு நாள் மத்தியானம் காத்து அடிச்சுது பாரு, உய்ய்ய்ன்னு! கூடாரம் தொபுக்கடீர்! கூண்டு உருண்டு கதவு தொறந்துக்கிச்சு. சங்கிலி பட்டுன்னு அறுந்துது.

"அக்கா, மலைக்குப் போயிடலாமா?"ன்னான் உப்பிலி.

"ஒளிஞ்சு போக நான் என்ன எலியாடா?"

"யாரு பாத்தா என்ன? வா!"

அப்போ அவன் சைக்கிள்ல, இவ பின்னாடி திம் திம்னு. சந்தைத் தெரு வந்துது. ஜனங்க கை தட்டினாங்க. தட்டினதும் உப்பிலிக்குக் காலு நிக்கல, வட்டம் வட்டமா சுத்த ஆரம்பிச்சுட்டான்! செண்பகம் அவன் காதைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போனா.

அப்புறம் ஆறு. தண்ணி சளசளன்னு ஓடுது. உப்பிலி சைக்கிளோட அக்கா முதுகுல ஏறிக்கிட்டான். நடு ஆத்துல சைக்கிள் வழுக்கி, தண்ணிக்குள்ள முழுக்! "என் சைக்கிளு!"ன்னு அழுதான். "உனக்கு நாலு காலு இருக்குடா"ன்னா அவ.

கரை ஏறினா, ஜீப்பை விட்டு இறங்கி நிக்கிறாரு முதலாளி. விர்ர்ர்ருன்னு விசில்! "உக்காரு!" பாவம், செண்பகத்துக்கு முட்டி தானா மடங்குது.

உப்பிலி மெதுவா கேட்டான்: "அக்கா, உனக்கு உக்காரணும்னு இருக்கா?"

அவளை அப்படி யாருமே கேட்டதில்ல. கொஞ்சம் யோசிச்சா. "இல்லடா"ன்னா. எழுந்து நின்னு, தும்பிக்கையத் தூக்கி, பாஆஆங்! முதலாளி ஜீப்புக்குள்ள பாய்ஞ்சு ஓடியே போயிட்டாரு.

தூங்கிட்டியா? ம்... சரி.

மலையில ஒரே நாவல்பழம். உப்பிலி தின்னு தின்னு நாக்கெல்லாம் ஊதா. செண்பகம் சேத்துல புரண்டா. அப்போ காட்டு யானைங்க வந்துதுங்க. பெரிய கிழவி யானை அவளை மோந்து பாத்துது. ஒரு குட்டி ஓடி வந்து அவ வயித்துக்கடியில புகுந்து நின்னுக்கிச்சு. செண்பகம் அசையவே இல்ல. குட்டிக்கு நிழல் போயிடுமே!

கதை மலையேறிடுச்சு, கண்ணை மூடு, நீ தூங்கு.