ஆற்று மணலில் எட்டுக் கூடாரங்கள்

மழையே மறந்துபோன ஒரு முள்காட்டில் கருமூக்கன் என்ற கீரி இருந்தான். அவனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பிடும்போது நடப்பான். நடக்கும்போது திரும்பித் திரும்பிப் பார்ப்பான். தூங்கும்போதுகூட ஒரு கால் மண்ணைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும். "காலில் சக்கரமா கட்டியிருக்கிறாய்?" என்று காட்டில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

அவன் மனைவி செம்பி பொறுமைசாலி. அவனோடு குடித்தனம் நடத்த வேண்டுமே, வேறு வழி?

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆடி மாதம் கண் திறந்த குட்டிகளை ஆற்றுக்குத் தூக்கிப்போக வேண்டும். மலையிலிருந்து வரும் புதுத் தண்ணீரைக் காட்டி, நெற்றியில் ஒரு சொட்டு வைத்துக் கூட்டிவர வேண்டும். தண்ணீர் இந்த நாள்தான் வரும் என்று சொல்ல முடியாது. அதனால் கட்டுச்சோற்றோடு போய், நாலைந்து நாள் அங்கேயே தங்குவார்கள்.

அந்த ஆடியில் செம்பிக்கு மூன்று குட்டிகள். கண் திறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. நடக்கத் தெரியாது, கழுத்தைக் கவ்வித்தான் தூக்க வேண்டும். ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போவார்கள். செம்பி அங்கே காவல் இருப்பாள். கருமூக்கன் திரும்ப ஓடிவந்து மூன்றாவதைத் தூக்கிப்போவான். பிறகு கட்டுச்சோற்று மூட்டைக்காக இன்னொரு முறை ஓடிவருவான். இப்படியே மூன்று நாள் பயணம்.

இருப்பது இரண்டு வாய், குட்டிகளோ மூன்று. கூட்டிக் கழித்துப் பார்த்தால் எப்போதும் ஒரு குட்டி தனியாக நின்றது. வழியெல்லாம் கருமூக்கனின் மனதை அரித்தது அதுதான்.

நான்காம் நாள் காலையில் ஆற்றுக்கு வந்து சேர்ந்தார்கள். பார்த்தால், கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் மணல்! எதிர்க்கரை ஓரமாக மட்டும் மெலிதாகக் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கரையில் ஒரு பெரிய மருத மரம். அதன் வேருக்கடியில் ஒரு வளை. வாசலில் முள்ளம்பன்றி முள்ளியக்கா கிழங்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்க இடம் கிடைக்குமா அக்கா?" என்று கேட்டாள் செம்பி.

"கிடைக்கும். உள்ள இருட்டா இருக்கும். சேத்து வாடை அடிக்கும். புரண்டு படுத்தா என் முள்ளு குத்தும். இஷ்டம்னா இருங்க."

இப்படியா ஒருத்தி தன் இடத்தைப் பற்றிச் சொல்வாள்? செம்பியின் முகம் சுருங்கியது. அந்த நேரம் பார்த்து மணலிலிருந்து ஒரு குரல் வந்தது.

"வாங்க அண்ணே! வாங்க அண்ணி! வெயில்ல வாடிப்போய் வந்திருக்கீங்க. அந்தப் பொந்துலயா குட்டிங்களைப் போடுவீங்க? இப்படி வாங்க!"

கூப்பிட்டவன் சிங்காரம் என்ற நரி. ஆற்றின் நட்டநடுவில், வெள்ளை மணலில், எட்டுக் கூடாரங்கள் போட்டு வைத்திருந்தான். தேக்கிலைக் கூரை, வெட்டிவேர்த் தட்டி, வாசலில் சங்குப்பூ மாலை. உள்ளே முழங்கால் உயரத்துக்கு இலவம்பஞ்சு மெத்தை! மனிதர்கள் இப்படிப்பட்ட தங்குமிடங்களுக்கு வாயில் நுழையாத பெயரெல்லாம் வைக்கிறார்கள். சிங்காரம் 'ஆற்று மாளிகை' என்று வைத்திருந்தான்.

"ஆத்துக்குள்ளயே இருக்கே, தண்ணி வந்தா?" என்றான் கருமூக்கன்.

சிங்காரம் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணே, அதோ அந்தக் கரையோரமா ஓடுதே, அதுதான் ஆறு. புதுத் தண்ணி வந்தா இன்னும் ரெண்டு முழம் அகலமாகும். மெத்தையில படுத்துக்கிட்டே பார்க்கலாம். கரையில இருக்கறவங்க கழுத்து வலிக்க எட்டிப் பார்க்கணும்."

முள்காட்டுக்காரர்களுக்கு ஆற்றைப் பற்றி என்ன தெரியும்? குளம்படி நீரைப் பார்த்தே குதூகலிக்கிறவர்கள். ஆற்றைப் பார்க்க வந்தவர்கள், அது வரும் பாதையிலேயே படுக்கை போடத் தயாராகிவிட்டார்கள்.

முதல் கூடாரத்தில் ஏற்கெனவே ஒரு முயல் இருந்தாள். வெள்ளச்சி என்று பெயர். புதிதாக எதைப் பார்த்தாலும் மயங்கிவிடுவாள். "உக்காந்து பாருங்க அக்கா, அப்படியே உள்ள இழுக்குது!" என்று மெத்தையில் குதித்துக் காட்டினாள். செம்பியின் மனம் அப்போதே அந்த மெத்தையில் விழுந்துவிட்டது.

"ஒரே ஒரு விஷயம் அண்ணி," என்றான் சிங்காரம். "கட்டுச்சோத்தை என்கிட்ட கொடுத்துடுங்க. இங்க எறும்புத் தொல்லை. நான் பத்திரமா வெச்சிருக்கேன்." சொல்லும்போதே மூட்டை அவன் கைக்குப் போய்விட்டது.

கீரிகள் இரண்டாம் கூடாரத்தில் இறங்கினார்கள். செம்பி குட்டிகளை அணைத்துப் படுத்தாள். கருமூக்கன் ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"செம்பி, இங்க காத்து வரலை."

மூன்றாம் கூடாரத்துக்கு மாறினார்கள். மாறுவதென்றால் சும்மாவா? இரண்டு குட்டிகளைக் கொண்டுபோய் வைத்து, மூன்றாவதுக்குத் திரும்ப வர வேண்டும்.

"இங்க காத்து அதிகமா அடிக்குது."

நான்காவதில் சங்குப்பூ மூக்கில் உரசியது. ஐந்தாவதில் வாசல் மேற்கே பார்த்திருந்தது. ஆறாவதில் என்ன குறை என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. உள்ளே போவான், உடனே வெளியே வருவான். மணலைப் பிறாண்டுவான், மோந்து பார்ப்பான். ஏழாவதுக்கு வந்தபோது செம்பியின் பொறுமை தீர்ந்துவிட்டது.

"என்னங்க, உங்களுக்கு இருப்புக் கொள்ளலைன்னா நீங்க சுத்துங்க. என் குட்டிங்களை விடுங்க!"

வெள்ளச்சி வாய்விட்டுச் சிரித்தாள். சிங்காரமும் சிரித்தான், ஆனால் அவனுக்கும் சலித்துவிட்டது.

"அண்ணே, எந்த இடம்தான் உங்களுக்குப் பிடிக்கும்?"

கருமூக்கன் யோசித்தான். "கடை வெச்சிருக்கறவன் நல்லதைத் தனக்குன்னு எடுத்து வெச்சிருப்பான். நீங்க படுக்கறீங்க இல்ல, அந்தக் கூடாரத்தைக் கொடுங்க. இதுக்கு மேல நான் வாயைத் திறக்கலை."

சிங்காரத்தின் வால் ஒரு நொடி அசையாமல் நின்றது. பிறகு, "அவ்வளவுதானே அண்ணே! எட்டாவது கூடாரம் என்னுது. எடுத்துக்குங்க," என்றான்.

கருமூக்கன் எட்டாவது கூடாரத்துக்குள் ஓடினான். மெத்தையை மோந்தான். தலைமாட்டை மோந்தான், கால்மாட்டை மோந்தான். பஞ்சு வாசனை அடித்தது, தேக்கிலை வாசனை அடித்தது. நரி வாடை மட்டும் துளிக்கூட இல்லை. ஒருவன் தினமும் படுக்கிற இடத்தில் அவன் வாடை இல்லாமல் போகுமா? கீரி மூக்குக்கா தெரியாது?

அப்படியானால் இவன் எங்கேதான் படுக்கிறான்?

இனி கருமூக்கனை யார் பிடித்து நிறுத்த முடியும்? மூக்கைத் தரையில் வைத்து நரி வாடையைத் தொடர்ந்தான். அது மணலைக் கடந்து போனது, கரையில் ஏறியது, மருத மரத்தையும் தாண்டி மேட்டில் இருந்த ஒரு பாறைக் குகையில் போய் முடிந்தது. உள்ளே பழுத்த நரி வாடை. ஒரு மூலையில் அவர்களுடைய மூட்டை இருந்தது, வெள்ளச்சியின் மூட்டை இருந்தது. இன்னொரு மூலையில் பிரித்துப் போட்ட பழைய மூட்டைகள், காய்ந்த இலையும் அறுந்த நாருமாகக் குவிந்து கிடந்தன.

கருமூக்கன் அங்கே நிற்கவில்லை. முள்ளியக்காவிடம் ஓடினான்.

"அக்கா, இவன் ஏன் கீழ படுக்கறதில்லை?"

முள்ளியக்கா ஆற்றுப் பக்கம் முகத்தை நீட்டிக் காட்டினாள். வளை மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஆற்றின் மேல் சரிந்திருந்த மருதக் கிளையில் வைக்கோலும் நாணல் தட்டையும் சிக்கித் தொங்கின. கருமூக்கன் அதைப் பார்த்தான். பிறகு கீழே கூடாரங்களைப் பார்த்தான். கூரைகளைவிட அந்த வைக்கோல் இரண்டு மடங்கு உயரத்தில் இருந்தது.

"போன வருஷத் தண்ணி கொண்டுவந்து வெச்சது," என்றாள் முள்ளியக்கா. "தண்ணி வந்தா உயிர் பிழைச்சாப் போதும்னு ஓடுவாங்க. மூட்டையை யார் கேப்பா?"

"முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

"போன வருஷம் சொன்னேன். பொறாமைல பேசறேன்னாங்க. அதிலேர்ந்து கேட்டாதான் சொல்றது."

கருமூக்கன் காற்றாய்ப் பறந்து இறங்கினான். "செம்பி, கிளம்பு! இங்க இருக்கக் கூடாது!"

செம்பி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "இது ஒன்பதாவது இடமா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. காலையிலிருந்து திரும்பத் திரும்ப இதையே கேட்டிருக்கிறாள். கருமூக்கன் வைக்கோலைச் சொன்னான், குகையைச் சொன்னான். அவசரத்தில் எல்லாம் குளறியது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இனிப் பேசிப் பயனில்லை என்று ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு கரையைப் பார்த்து ஓடினான்.

"ஐயோ, பைத்தியம் பிடிச்சிருச்சா?" செம்பி பதறிப்போய் இன்னொன்றைக் கவ்விக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். மூன்றாவது குட்டி மெத்தையில் தனியாகக் கிடந்து கத்தியது.

குட்டியைக் கரையில் வைத்த வேகத்தில் கருமூக்கன் திரும்பினான். கூடாரத்து வாசலில் சிங்காரம் வழி மறித்தான்.

"குழந்தை தூங்கட்டும் அண்ணே. அண்ணியைச் சமாதானப்படுத்திக் கூட்டிட்டு வாங்க, போங்க."

கருமூக்கன் அதைக் காதில் வாங்கவில்லை. சிங்காரத்தின் காலிடுக்கில் நுழைந்து, குட்டியைக் கவ்விக்கொண்டு, தட்டியைக் கிழித்து மறுபக்கம் வெளியேறினான். மூன்று குட்டிகளும் கரையில் ஒன்றாகச் சேர்ந்த பிறகுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

சிங்காரம் பின்னாலேயே வந்தான். கலவரம் கேட்டு வெள்ளச்சியும் வந்தாள்.

"பாருங்க அண்ணி, ஏழு கூடாரம் மாத்திக் கொடுத்தேன். இப்ப ஊரைக் கூட்டி என் பேரைக் கெடுக்கறாரு!"

செம்பி இருவரையும் பார்த்தாள். அவளுக்குக் கணவன் மேல் கோபம்தான். ஆனால் வைக்கோல் கண்ணுக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தது.

"சண்டை எதுக்கு?" என்றாள். "நீங்க ஒரு நாழிகை நேரம் அந்த மெத்தையில படுத்துக் காட்டுங்க. நாங்க இங்கேர்ந்து பார்க்கறோம். அப்புறம் வாயை மூடிக்கிட்டு வந்துடறோம்."

"ஆமா, அது நியாயம்தான்," என்றாள் வெள்ளச்சி.

சிங்காரம் வானத்தைப் பார்த்தான். சூரியன் இன்னும் இரண்டு பனை உயரத்தில் இருந்தது. இந்த ஆற்றில் தலைவெள்ளம் பொழுது சாய்ந்துதான் வரும் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு நாழிகைதானே? படுக்காவிட்டால் இரண்டு மூட்டையும் கையை விட்டுப் போய்விடும்.

"இவ்வளவுதானா! ஒரு நாழிகை என்ன, ரெண்டு நாழிகை படுக்கறேன்," என்று இறங்கிப் போனான்.

வெட்டிவேர்த் தட்டியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி மெத்தையில் சாய்ந்தான். அத்தனை வருடமாக அவன் அதில் படுத்ததே இல்லை. பாறையில் படுத்துப் பழகிய உடம்பு. இலவம்பஞ்சு முதுகைத் தாங்கியது, இடுப்பைத் தாங்கியது. வெட்டிவேர் மணத்தது, காற்று தடவிக்கொடுத்தது. 'அடடா, இவ்வளவு சுகமா!' என்று நினைத்தான். நினைத்து முடிப்பதற்குள் குறட்டை விட்டான்.

ஒரு நாழிகை போனது. இரண்டு நாழிகையும் போனது. நரி எழுந்திருக்கவில்லை.

சூரியன் பனந்தலைக்கு இறங்கியபோது கருமூக்கனின் காது விறைத்தது. மேற்கே எங்கோ தூரத்தில் 'ஓ'வென்று ஓர் இரைச்சல். கரை லேசாக அதிர்ந்தது.

என்னதான் இருந்தாலும் ஓர் உயிர் அல்லவா? கருமூக்கன் கரையின் விளிம்புக்கு ஓடிக் கத்தினான். "எழுந்திருங்க! தண்ணி வருது! எழுந்திருங்க!"

சிங்காரம் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். கரையில் கருமூக்கன் குதித்துக்கொண்டிருந்தான். "இந்தக் கீரிக்கு வேற வேலையே இல்லை," என்று முணுமுணுத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்தான்.

புதுத் தண்ணீர் செக்கச்செவேலென்று நுரை தள்ளிக்கொண்டு, கரைக்குக் கரை முட்டி வந்தது. எட்டாவது கூடாரம் போனது, ஏழாவது போனது. மூச்சு விடுவதற்குள் ஒன்றுமே இல்லை. மெத்தையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊளையிட்டபடி சிங்காரம் ஆற்றோடு போனான். வளைவு திரும்பும்வரை அவன் குரல் கேட்டது. அதற்குப் பிறகு அந்தக் கரையில் யாரும் அவனைப் பார்க்கவில்லை.

 வெள்ளச்சி மருத மரத்து வேரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். செம்பி மெல்ல இறங்கி, கரையில் மோதிய தண்ணீரில் பாதத்தை நனைத்து வந்து, மூன்று குட்டிகளின் நெற்றியிலும் ஒவ்வொரு சொட்டு வைத்தாள். பிறகு ஈரப் பாதத்தைக் கணவன் முதுகில் ஒரு கணம் வைத்து எடுத்தாள்.

"இன்னைக்கு எங்க தங்கப் போறீங்க?" என்று கேட்டாள் முள்ளியக்கா.

கருமூக்கன் வாயைத் திறப்பதற்குள் செம்பி முந்திக்கொண்டாள்.

"நீங்க எங்க அக்கா படுப்பீங்க?"

"நானா? உள்ளதான், அந்த மூலையில."

"அந்த மூலைக்குப் பக்கத்துல எங்களுக்கு இடம் கொடுங்க. முள்ளு குத்தினாப் பரவாயில்லை."

நீதி: தான் படுக்காத இடத்தில் பிறரைப் படுக்கச் சொல்பவன் விரிக்கும் மெத்தையை நம்பாதே.