குண்டு காரும் ராகு காலமும்

ஒரு ஊர்ல ஒரு குருவம்மா இருந்தாளாம். மலையடிவாரத்துல டாக்ஸி ஓட்டுறவ. அவகிட்ட ஒரு பழைய கார். அதுக்குக் குண்டுன்னு பேரு. கதவைச் சாத்துனா 'டமால்', தெருவே திரும்பிப் பாக்கும். ம் கொட்டுடா, அப்போதான் மேல சொல்லுவேன்.

ம், அப்படி. அப்புறம் என்னாச்சு, ஊர்ல எல்லாரும் ஏசி கார் தேட ஆரம்பிச்சுட்டாங்க. குண்டுல ஏற ஆளில்ல. சவாரி இல்லேன்னா அடுப்பு எப்படி எரியும்? குருவம்மாவுக்கு வேற பொழைப்பும் தெரியாது. ராத்திரியெல்லாம் அழுதுட்டு, 'சரி, இதைக் குடுத்துட்டுப் புதுசு வாங்கிக்கிறேன்'னுட்டா.

ஒரு வெள்ளிக்கிழமை கார் வியாபாரி அழகேசன் புதுக் காரோட வந்தான். பளபளன்னு, சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டு வந்துச்சு. இவ சாவியை நீட்டுனா. அவன் கையைப் பின்னால கட்டிக்கிட்டான். "அக்கா, மணி பத்தரை. ராகு காலம் ஆரம்பிச்சாச்சு. பன்னெண்டு ஆகட்டும், மாத்திக்கலாம்." பாரேன், பெரிய சாமர்த்தியசாலி, நேரம் பாத்துக் கிளம்பத் தெரியல.

அப்போ சமையல் மாஸ்டர் சங்கிலி மூச்சு வாங்க ஓடி வந்தாரு. மலை மேல கோயில்ல கல்யாணமாம். சோறாக்குற பெரிய அண்டாவை ஏத்திக்கிட்டு வந்த வேன் இந்தத் தெருமுனையிலயே படுத்துடுச்சாம். "பன்னெண்டு மணிக்கு உலை வைக்கலேன்னா பந்தியே இல்லம்மா."

"என் கார்ல வைங்க"ன்னான் அழகேசன். பின்பக்கம் நுழைச்சாங்க, போகல. கதவு வழியா நுழைச்சாங்க, போகல. 'ணங்', கீறல் விழுந்ததுதான் மிச்சம். குருவம்மா அண்டாவைக் குண்டு தலை மேல கேரியர்ல கவுத்துக் கட்டுனா. ஜம்முனு உக்காந்துச்சு.

அப்புறம் ரெண்டு காரும் கிளம்புச்சு, மாஸ்டர் புதுக் கார்ல. வழியில ஒரு ஓடை. குண்டு 'தடக் தடக்'னு தாண்டிடுச்சு. புதுக் காருக்கு வயிறு கல்லுல இடிச்சு 'கிர்ர்ர்', நின்னே போச்சு. அழகேசன் மூடியைத் தொறந்தான், பாத்தான், மூடிட்டான். "கம்பெனி ஆளு வந்தாத்தான் தெரியும்." ரெண்டு பேரும் குண்டுல ஏறிக்கிட்டாங்க.

தூங்கிட்டியா? ம்? இரு, இப்போதான் பெரிய ஏத்தம் வருது. பாதி ஏத்தத்துல குண்டு 'புஸ்ஸ்ஸ்'னு ஆவி விட்டு நின்னுடுச்சு.

"இதுக்குத்தான் மாத்திடுங்கறேன்"னான் அழகேசன்.

அவ இறங்குனா. சக்கரத்துக்குக் கல்லு முட்டுக் குடுத்தா. சூடு அடங்குற வரைக்கும் பொறுத்திருந்தா. மணி ஓடுது, மாஸ்டர் கையைப் பிசையுறாரு. அப்புறம் டிக்கியில வச்சிருந்த குடத்துத் தண்ணியை ரேடியேட்டர்ல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துனா, களக் களக். காருக்கு முன்னால வளைஞ்ச கம்பியைச் சொருகி இன்ஜினைச் சுத்துனா. கர்ர்... ஒண்ணுமில்ல. கர்ர்... ஒண்ணுமில்ல. மூணாவது சுத்து, டுர்ர்ர்ர்னு கெளம்பிடுச்சு பாரு.

மேளம் வெளுத்து வாங்குறப்போ குண்டு கோயில் வாசல்ல போய் நின்னுச்சு. அண்டா அடுப்புல ஏறுச்சு, மணி பன்னெண்டு. கல்யாணத்துக்கு வந்த மலையூர்ச் சனமெல்லாம் குருவம்மாவைச் சுத்திக்கிட்டாங்க. "எங்க வீட்டு விசேஷத்துக்கும் நீதான் வரணும்", "எனக்குத் தை மாசம்", "எனக்கு மாசி". அவ சந்தோஷத்துல விரல் விட்டு மாசம் எண்ணிக்கிட்டா.

அழகேசன் மெல்ல வந்தான். "அக்கா, ராகு காலம் முடிஞ்சுது. சாவி மாத்திக்கலாமா?"

"மாத்தல தம்பி. உன் கார் நின்னா ஆளைத் தேடணும். என் கார் நின்னா நான் இருக்கேன்."

"அப்போ நான் எப்படிக்கா கீழ போறது?"

குருவம்மா குண்டோட முன் கதவைத் தொறந்து விட்டா. "ஏறு. இறங்குற சவாரிக்கு நீதான் போணி, பேரம் பேசக் கூடாது."

அவன் கார்ல ஏறிட்டான், கதையும் மலை இறங்கிடுச்சு. கண்ணை மூடு ராசா.