கோலமாப் போன எழுத்து

ஒரு ஊர்ல ஒரு அச்சாபீஸ் இருந்துச்சாம். அதை நடத்துனவ பேரு செண்பகவல்லி. காலை ஆட்டாம கேளு. அவ பட்டணத்துலேருந்து புதுசா ஒரு செட்டு அச்செழுத்து வாங்கியாந்தா. ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் கொழுகொழுன்னு தடியா, மறுபக்கம் தலைமுடி கணக்கா மெல்லிசா, நுனியில குட்டியா ஒரு பாதம் வச்சு நிக்குமாம். அம்புட்டு ஒய்யாரம்!

அப்புறம், கல்யாணப் பத்திரிகையில பொண்ணு மாப்பிள்ளை பேரை அதுல பெருசா அடிச்சா. ஊரே அசந்துபோச்சு. நகைக்கடை நோட்டீஸும் ஜம்முன்னு வந்துச்சு. அவளுக்குத் தலைகால் புரியல. ம் சொல்லு... ஆங்.

அப்போ சளித் தைலம் காய்ச்சுற மாசிலாமணி வந்தார். "தங்கச்சி, லேபிள் அடிக்கணும். இது நெஞ்சுல தடவத்தான். குழந்தைங்க குடிச்சா உசுருக்கே ஆபத்து. அதை மறக்காமப் போட்டுரு."

"போட்டாப் போச்சு அண்ணாச்சி!"

மேல தைலத்தோட பேரு பெருசா, கீழ எச்சரிக்கை பொடிப்பொடியா, ரெண்டும் அந்த ஒய்யார எழுத்துலயே. முதல் தாள் தெளிவா வந்துச்சு. அதை மட்டும் பாத்துட்டு, டடக் டடக்னு மெஷினை ஓடவிட்டா பாரு, அங்கதான் வந்துச்சு வினை.

லேபிள் ஒட்டுன பாட்டிலெல்லாம் கடைக்குப் போயிருச்சு. மறுநாக் காலையில மிச்சம் கிடந்த கடைசி லேபிளை எடுத்துப் பாத்தா. பக்குன்னு ஆச்சு! மேல பேரு பளிச்சுன்னு இருக்கு. கீழ, மெஷின்ல அழுந்தி அழுந்தி, மெல்லிசுக் கோடெல்லாம் தேஞ்சு காணாமப் போச்சு. தடிச்ச இடம் மட்டும் புள்ளி புள்ளியா நிக்குது. ஒரு வார்த்தை படிக்க முடியல.

கடைக்கு ஓடுனா. கடைக்காரர் மூணு பாட்டில் வித்திருந்தார். மூணும் குழந்தை இருக்கிற வீடு. மிச்ச பாட்டிலை விக்காதீங்கன்னு சொல்லிட்டு வெளிய பாஞ்சா.

லொங்கு லொங்குன்னு ஓடுனா. முதல் வீட்ல மூடியே திறக்கல. வெடுக்குன்னு வாங்கிக்கிட்டா. ரெண்டாவது வீட்ல தாத்தா தன் நெஞ்சுல சரக் சரக்னு தேச்சுக்கிட்டிருந்தார். அப்பாடா. மூணாவது இருதயமேரி வீடு. தெருமுனையிலயே கேக்குது, லொக்கு... லொக்கு...

கதவு சாத்தியிருக்கு. தடதடதட! "மேரி! கதவைத் திற!"

"இருங்க மதினி, பிள்ளைக்கு மருந்து குடுத்துட்டு வரேன்!"

அவளுக்கு உசுரே போச்சு. தோளைக் குடுத்து இடிச்சா, டமார்! கரண்டி பிள்ளை உதட்டுக்கிட்ட. பட்டுன்னு ஒரு தட்டு. கிளிங்! பிள்ளை வீல்னு அலறுது. வாயைத் திறந்து பாத்தா, ஒரு சொட்டுகூட உள்ள போகல.

"என்ன மதினி இப்படி?"

"அது தடவுற தைலம்டி! லேபிள்ல அடிச்சதுதான் தெரியாமப் போச்சு!"

மேரி பாட்டிலைத் திருப்பிப் பாத்தா. "எங்க மதினி? கீழ நீங்க கோலம்ல போட்டிருக்கீங்க? அழகா இருக்குன்னு பிள்ளைக்குக்கூட காட்டினேன்."

செண்பகவல்லி அப்படியே உக்காந்து, பிள்ளையைக் கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா.

அப்புறம் அன்னிக்கே புது லேபிள் அடிச்சா. பேருக்கு மட்டும் ஒய்யார எழுத்து. எச்சரிக்கைக்குச் சாதா எழுத்து, நல்லா தடியா. மேரியைப் பக்கத்துல உக்கார வச்சு, ஒவ்வொரு தாளையும் நீட்டி, "படி மேரி"ன்னா. "தடவ மட்டும், குடிக்கக் கூடாது"ன்னு அவ சத்தமாப் படிச்சாத்தான் அடுத்த தாள்.

என்ன, பிள்ளையா? அது மேரி மடியிலயே தூங்கிருச்சு. கதையும் படுத்துருச்சு, நீயும் கண்ணை மூடு.