ஆட்டுக்கல்லைக் கட்டிக்கிட்ட பூரிக்கல்

ஏழு மலைக்கு அந்தப் பக்கம், எட்டாவது மலைக்கு இந்தப் பக்கம், நடுவுல நசுங்கிக் கிடந்த ஒரு சீமைங்க. பேரு கொழுமங்கலம். ராஜா பேரு செருக்கவர்மன். சோறு இல்லாம மூணு நாள் இருப்பாரு. புகழ்ச்சி இல்லாம மூணு மூச்சு விட மாட்டாரு.

அவருக்கேத்த மந்திரி இச்சகநாதர். ராஜா தும்முனா, "ஆகா! இடியே வந்து மூக்குல குடியிருக்கு!"ம்பாரு. அந்தக் குரலை அச்சு அசலாப் பேசிக் காட்டி அரமனையையே சிரிக்க வைக்கிறவன் வக்கணை சுடலை. ராஜாவுக்குச் சிரிப்புக் காட்டுறதுதான் அவன் உத்தியோகமே. மந்திரிக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

ஒரு நாள் மந்திரி எட்டாவது மலைச் சுரங்கத்துல இருந்து ஒரு கல்லு கொண்டாந்தாரு. பூரிக்கல்லு. நெல்லிக்கா அளவு, நீலமா மினுங்குது. தோண்டி எடுத்தவங்க தலையில அடிச்சுக்கிட்டாங்க: "சாமி, பொல்லாத கல்லு! தலையில வெச்சா ஒட்டிக்கும். புகழ்ந்தா வீங்கும். பூசணிக்கா அளவு வந்துச்சுன்னா வெடிச்சு ஏழு தெருவும் சாம்பலாயிரும்!"

மந்திரி காதுல ஏறுனது 'மினுங்குது' மட்டும்தான். கிரீடத்துல பதிச்சு ராஜா தலையில வெச்சாரு.

"ஆகா! சூரியனே!" கல்லு எலுமிச்சங்கா ஆச்சு.

"சந்திரனே!" மாங்கா.

"வீரத்தின் விளைநிலமே!" தேங்கா. ராஜாவுக்குக் கழுத்தே காணோம்.

"ஐயோ, கழட்டுங்கடா!"

நாலு பயில்வானுங்க புடிச்சு இழுத்தானுங்க. ராஜா வந்தாரு, கிரீடம் வரலை.

வைத்தியர் ஓடியாந்து பாத்தாரு. "சனியன் புடிச்ச கல்லு!"ன்னாரு. உடனே கல்லு மாங்காயாச் சுருங்குச்சு. எல்லாரும் அப்பாடான்னாங்க. ராஜா மட்டும் எகிறுனாரு.

"என் தலையப் பாத்தா சனியன்னே? இவனை உள்ள போடு! நானே திட்டிக்கிறேன். ஏ கல்லே! யார் தலையில ஏறியிருக்கேன்னு தெரியுமா? சிங்கம்டா! புலிடா!"

அவ்வளவுதான். பழையபடி தேங்கா. அதுவும் நல்ல முத்துன தேங்கா.

மந்திரிக்கு இதான் சமயம். "மகாராஜா, சுடலைக்குத்தான் வாய் நீளம். கல்லை அவன் திட்டட்டும். ஆனா ஒரு சொல் உங்க மேல தெறிச்சாலும் அவன் தலையை எடுத்துரணும்."

"ஆகட்டும்! பொழுது சாயறதுக்குள்ள கல்லு இறங்கணும்!"

கல்லு இருக்கறது தலையில. தலை ராஜாவோடது. கல்லைத் திட்டுனா தலையில தெறிக்காம எங்க போகும்? சுடலை தன் கழுத்தை ஒரு தரம் ஆசையாத் தடவிக்கிட்டான்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். உங்க கல்யாணத்துல ராணி வீட்டுப் பொம்பளைங்க உங்களை என்னன்னு ஏசிப் பாடுனாங்க?"

ராஜா நெளிஞ்சாரு. "அதெதுக்கு இப்ப? சட்டித் தலையன், சாணி மூக்கன்னு..."

"அவங்க தலையை எடுத்தீங்களா?"

"உனக்கென்ன கிறுக்கா? பொண்ணு வீட்டு ஏசலுக்கு எவனாவது கோவிப்பானா? மொறை கெட்டுப் போயிருமே! பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்து, ஆளுக்கொரு சேலையும் எடுத்துக் குடுத்தேன்."

"அப்ப இன்னைக்கு இந்தக் கல்லுக்குக் கல்யாணம்! அரசமரத்துக்கும் வேப்பமரத்துக்கும் செஞ்சு வைக்கிறோம்ல? பொண்ணு, நம்ம அரமனை ஆட்டுக்கல்லு. சமையக்கட்டுதான் பொண்ணு வீடு. தலையில மாப்பிள்ளையச் சொமக்குறீங்களே, நீங்கதான் மாப்பிள்ளை வீடு."

"மொறைன்னா மொறைதான்! ஆட்டுக்கல்லைக் கொண்டாங்கடா!"ன்னாரு ராஜா.

ஆட்டுக்கல்லுக்கு மஞ்சக் கயிறு கட்டுனாங்க. மாவாட்டுற அங்காயி எட்டுப் பொம்பளைங்களோட வந்து, சேலையை இடுப்புல சொருகிக்கிட்டு நின்னா.

"நெசமாவே திட்டலாமா சுடலை?"

"மொறைதானக்கா! மனசுல ஒண்ணும் மிச்சம் வெக்காத!"

அரமனைச் சோத்துக்கு முப்பது வருசம் மாவாட்டி எரிஞ்ச வயிறுங்க அது. சும்மா விடுமா?

"எங்க பொண்ணு ஆட்டுன மாவுல
ஊரே தின்னுது இட்லி!
உன்னால என்னடா பிரயோசனம்
ஒட்டிக்கிட்ட பல்லி!
ஏறி உக்காந்த எடத்தைப் பாரு
எண்ணெய் காணாத் தலை!
ஏழு கழுதை ஏலம் போட்டும்
போகலையே விலை!"

கல்லு மாங்கா ஆச்சு, எலுமிச்சை ஆச்சு, நெல்லிக்கா ஆச்சு. ராஜா பல்லைக் கடிச்சுக்கிட்டே பல்லைக் காட்டுனாரு. கஷ்டமான வேலைங்க அது, வீட்டுல செஞ்சு பாருங்க.

பாழாப்போன மந்திரியால வாயை அடக்க முடியலை. "ஆகா! மகாராஜாவின் பொறுமையே பொறுமை! பூமாதேவியே பிச்சை வாங்கணும்!"

புஸ்ஸ்ஸ்! கல்லு பூசணிப் பிஞ்சு! சேவகனெல்லாம் தூணுக்குப் பின்னால. ராஜா கண்ணு பிதுங்குது.

"அங்காயிக்கா!" சுடலை கத்துனான். "மாப்பிள்ளைய மலையில இருந்து கூட்டியாந்த தாய்மாமன் பேசுறாரு! அவருக்கு மரியாதை செய்ய வேணாமா?"

"அட, மறந்தே போச்சு! ஏ, ஜால்ராத் தாய்மாமா! கடிச்சா உமி, துப்புனா தவிடு! நீ கூட்டியாந்த மாப்பிள்ளையும் ஒன்னை மாதிரியே ஊதுன பை!"

எட்டுப் பேரும் சேந்து ஆரம்பிச்சாங்க. நான் இங்க எழுத முடியாதுங்க, கொழந்தைங்க படிக்கும். கல்லு சுருங்கிச் சுருங்கிக் கடுகா ஆயி, கிரீடத்துல இருந்து தெறிச்சுச்சு. அடுத்த புகழுக்கு மந்திரி வாயைத் திறந்து வெச்சிருந்தாருல்ல?

லபக்!

உள்ள போயிருச்சு.

ராஜா கழுத்தைத் தடவிப் பாத்தாரு. இருந்துச்சு. மந்திரி முழிக்கிற முழியப் பாத்தாரு. சிரிச்சாரு பாருங்க, சிம்மாசனம் ஆடிப் போச்சு. வைத்தியரை வெளிய விட்டாரு. அங்காயி கூட்டத்துக்குப் பட்டுச்சேலை. சுடலைக்கு ஒரு சோடி காங்கேயம் காளை.

மறுநாக் காலையில சுடலை வீட்டு வாசல்ல மந்திரி நிக்கிறாரு. வயிறு பானையாட்டம்.

"தம்பி சுடலை! வர்ற வழியில ஒரு பாவி, மரியாதைங்கிற பேருல என்னைத் தங்கமானவருன்னுட்டான்ப்பா. சமையக்கட்டுல எல்லாரும் புதுச்சேலை கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போயிட்டாங்க. உன் கால்ல வேணா விழறேன், ரெண்டு வார்த்தை திட்டுப்பா!"

சுடலை தலையைச் சொறிஞ்சான்.

"இவ்வளவு பணிவாக் கேட்டா எனக்கு எப்படித் திட்ட வரும், என் நல்ல மனுசா?"

பட்டுனு அரைஞாண் கயிறு அறுந்துச்சு.