தணிகாசலத்தைப் பயமுறுத்திய செல்லக்கிளி

மதுரைப் புத்தகக் கண்காட்சியில், எழுத்தாளர் கையெழுத்துப் போட்டுத் தந்துகொண்டிருந்த பேய் நாவலின் முதல் பதிப்பில் ஒரே பிரதிதான் மிச்சம். தையல்கடைச் செல்லக்கிளி ஆசையாகக் கை நீட்டினாள். குறுக்கே பாய்ந்தார் தணிகாசலம். ஊரறிந்த புத்தகச் சேகரிப்பாளர்; அதே நாவல் ஏற்கெனவே அவர் கக்கத்தில் இருந்தது.

“வீடு நிறையப் பேய்க்கதை வச்சிருக்கேன், ஒரு தடவைகூடப் பயந்ததில்ல. நீ என்னைப் பயமுறுத்திக் காட்டும்மா, விட்டுத் தர்றேன்!”

கூட்டம் கூடிவிட்டது. செல்லக்கிளி அவர் கக்கத்தையே உற்றுப் பார்த்தாள்.

“சார், அட்டையில கரையான்!”

“ஐயையோ, என் முதல் பதிப்பு!” என்று அலறிப் புத்தகத்தை உதறிக் குதித்தார் தணிகாசலம். கரையானும் இல்லை, ஒன்றும் இல்லை.

எழுத்தாளர் விழுந்து விழுந்து சிரித்தார். கடைசிப் பிரதியில் ‘என்னைவிடப் பெரிய பயங்காட்டிக்கு’ என்றெழுதி அவளிடமே கொடுத்தார். புத்தகத்தை அணைத்துக்கொண்டு ஓடிய செல்லக்கிளி, பேருந்தில் ஏறும்வரை நிற்கவேயில்லை.